ஓடையைத் தாண்டுவதா, சுற்றிப் போவதா

ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்துவிட்ட பிறகும் என் பழைய அலுவலகத்தார் என்னை விடுவதாக இல்லை. பெங்களூரில் இருந்துகொண்டு கோல்ஃப் மைதானங்களை வடிவமைத்துத் தரும் சின்ன அலுவலகம் அது. நான் இருந்த காலத்தில் நடந்து நடந்து அளந்ததை இப்போது ட்ரோன் பறந்து அளக்கிறது. போன மாதம் கணினித் திரை வழியாக ஒரு புது மைதானத்தை எனக்குக் காட்டினார்கள். இன்னும் ஒரு கூடை மண்கூட வெட்டாத இடத்தில் புல் அசைகிறது, மரநிழல் நகர்கிறது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை ஒளிக்க வேண்டியதில்லை. இந்த வசதி எங்களுக்கு இருந்திருந்தால் என் முழங்கால்கள் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

காட்டி முடித்ததும் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், ஒரு மைதானத்தைக் கஷ்டமாக்குறது எங்களுக்குத் தெரியும். அழகாக்குறதும் தெரியும். ஒருதடவை ஆடினவங்க மறுபடி மறுபடி வந்து ஆடணும்னா என்ன பண்ணணும்?"

எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால், வந்து நிற்பது பாடமல்ல. எங்கள் ஊர்ப்பக்கம் தேவதானத்தருகே ஓடும் ஓர் ஓடையும், அதைச் சுற்றி நின்ற சில மனிதர்களும்தான்.

கோல்ஃப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. முதல் அடி அடிக்கும் மேடைக்கு டீ என்று பெயர். அங்கிருந்து ஒரு சின்னப் பந்தைத் தடியால் அடித்துக்கொண்டே போய், தூரத்தில் ஒட்ட வெட்டிய புல்தரையில் இருக்கும் குழியில் தள்ள வேண்டும். அந்தப் புல்தரைதான் கிரீன். டீயிலிருந்து கிரீன் வரையுள்ள தடம் முழுவதையுமே ஒரு குழி என்று எண்ணுவது வழக்கம். எத்தனை குறைந்த அடியில் முடிக்கிறோமோ அத்தனை கெட்டிக்காரத்தனம். வழியில் மணற்குழிகள் இருக்கும், தண்ணீர் இருக்கும், மரங்கள் இருக்கும். எதை எங்கே வைப்பது என்பதுதான் எங்கள் தொழில்.

எனக்கு இந்தத் தொழில் வாய்த்தது தற்செயல்தான். எங்கள் குடும்பத்துக்கு ஆண்டாள் கோயிலில் பரம்பரையாக ஒரு கைங்கரியம் உண்டு. பெண் பிள்ளையாகப் பிறந்ததால் எனக்குக் கோதை என்று பெயர் வைத்துவிட்டு, படிக்கவும் அனுப்பினார்கள். பாலிடெக்னிக்கில் சிவில் முடித்தேன். கோயம்புத்தூரில் சாலைக்கும் சாக்கடைக்கும் வரைபடம் போடும் கம்பெனியில் சேர்ந்தேன். மழைநீர் வடிகால் வரைய ஆள் தேடி அங்கே வந்தவர்தான் நஞ்சப்பா சார். குடகு நாட்டுக்காரர். ராணுவத்தில் எஞ்சினியராக இருந்து வெளியே வந்து, கோல்ஃப் மைதானம் வடிவமைக்கத் தொடங்கியிருந்தார். ஒரு நிலத்தின் உயரக் கோடுகளை என் முன்னால் விரித்து, மழை பெய்தால் தண்ணீர் எங்கெங்கே நிற்கும் என்று கேட்டார். பென்சிலால் காட்டினேன். தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். மறுவாரமே பெங்களூருக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

அம்மாவுக்கு இந்த வேலையைப் புரிய வைக்கவே முடியவில்லை. "பணக்காரங்க விளையாட மண்ணைக் குழி பறிச்சு, அதைச் சுத்திப் புல்லு வளக்கவா இம்புட்டுப் படிச்சே?" என்று கேட்டாள். ஏறக்குறைய சரியான விளக்கம்தான்.

நஞ்சப்பா சாரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். உயரமான, ஒல்லியான மனிதர். கோபம் வந்தால் குரல் தணியும். புது நிலத்துக்குப் போனால் முதலில் காகிதத்தையோ கருவியையோ தொட விடமாட்டார். கையில் ஒரு குடை மட்டும் இருக்கும். எல்லோரும் டீயிலிருந்து கிரீனை நோக்கி நடந்து பார்ப்பார்கள். அவர் கிரீன் வரப்போகும் இடத்தை முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி நடந்து வருவார். "வீட்டுக்கு வர்றவன் எந்த வழியா வருவான்னு வாசல்ல நின்னு பாக்கணும்" என்பார். நடக்கும்போது என்னிடம் கேட்கும் கேள்விகள் எப்போதும் ஒரே வரிசையில் வரும். பயந்தவன் எந்தப் பக்கம் போவான்? துணிந்தவன் எந்தப் பக்கம் போவான்? துணிந்தவனுக்கு நாம் என்ன கூலி கொடுக்கப் போகிறோம்?

அந்தக் கூலி என்ற சொல்லை எனக்குப் புரிய வைத்தது மலைமேல் இருந்த ஒரு பழைய மைதானம். அங்கே பெரிய போட்டி நடத்த வேண்டும், மைதானத்தை இன்னும் கடினமாக்கித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். பந்து போகும் பாதையின் இரு ஓரங்களிலும் ஏற்கெனவே வரிசையாக மணற்குழிகள். சார் அவற்றில் பெரும்பாலானவற்றை மூடச் சொல்லிவிட்டார். கிளப் செயலாளருக்கு முகம் கறுத்துப்போனது. கடினமாக்கச் சொன்னால் எளிதாக்குகிறீர்களே என்றார். சார் அவரிடம் சண்டை போடவில்லை. ஒரு நாள் மாலை முழுக்க அவரைக் கூட்டிக்கொண்டு மைதானத்தில் உட்கார்ந்திருந்தார். ஓரக் குழிகளில் விழுந்தவர்கள் எல்லாரும் புதிதாக ஆட வந்தவர்களும் வயதானவர்களும்தான். நன்றாக ஆடுகிறவர்களுக்கு அந்தக் குழிகள் இருப்பதே தெரியவில்லை. "ஏற்கெனவே அழுதுட்டிருக்கிறவனுக்கு எதுக்கு இன்னொரு குழி?" என்று மட்டும் சொன்னார்.

பிறகு பாதையின் நட்டநடுவில் ஒரே ஒரு மணற்குழி வெட்டினார். நல்ல ஆட்டக்காரர்களின் முதல் அடி போய் விழும் இடம் அதுதான். திறந்த முதல் நாளே கூச்சல். நேராக, அழகாக அடித்த பந்து குழியில் விழுகிறதே, இது என்ன நியாயம்? சார் தேநீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டார், சரி, அப்படியானால் எந்தப் பக்கமாகப் போகலாம் என்று. இடப்பக்கம்தான் என்றார் ஒருவர். இடப்பக்கம் போனால் கிரீனின் சரிவு எதிராக இருக்குமே என்றார் இன்னொருவர். குழியைத் தாண்டியே அடித்துவிட்டால் அடுத்த அடி சுலபமாகிவிடுமே என்றார் மூன்றாமவர். கூச்சல் விவாதமாகி, விவாதம் பந்தயமாகி, நாங்கள் எழுந்து வந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஜீப்பில் மலையிறங்கும்போது சார் சொன்னார்: "அவங்க இன்னும் அதையேதான் பேசிட்டிருப்பாங்க. நம்ம வேலை முடிஞ்சது."

அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடித்து வருகிறவர்களை நிறுத்தி, எந்த அடியை மறுபடி அடிக்க ஆசை என்று கேட்பார். கை வழுக்கிவிட்டது, தடி சரியில்லை என்று ஒருவர் சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுவார். "அந்த இடத்தில் நான் வலப்பக்கம் போயிருக்க வேண்டும்" என்று யாராவது சொன்னால் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். கை செய்த தவற்றுக்காக வருந்துகிறவன் வீட்டுக்குப் போய்விடுவான். தான் எடுத்த முடிவுக்காக வருந்துகிறவன் நாளைக்குத் திரும்பி வருவான். நான் கற்ற தொழிலின் பாதி இதுதான்.

இனி ஓடைக்கு வருகிறேன்.

ராஜபாளையத்து அமீது பாய் பஞ்சு வியாபாரத்தில் உயர்ந்தவர். தேவதானத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு பெரிய மாந்தோப்பும் அதை ஒட்டித் தரிசும் இருந்தன. அங்கே தங்கும் விடுதியும் ஒன்பது குழிகள் கொண்ட மைதானமும் அமைக்க விரும்பி எங்களிடம் வந்தார். அப்போது எங்கள் கையில் வேறு வேலை இல்லை. அதே சமயம் சாருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. "உன் ஊர்ப்பக்கம்தானே, நீயே போய் செய்" என்று சொல்லிவிட்டார். உதவியாளராக அல்ல, பொறுப்பாளராக. அதற்கு முன் நான் தனியாக ஒரு குழிகூட வடிவமைத்ததில்லை.

அவர் மாதிரியே முதலில் காகிதமில்லாமல் நடந்தேன். மேற்கே மலை, கிழக்கே இறங்கும் செம்மண். நிலத்தின் நடுவே மலையிலிருந்து ஓர் ஓடை கோணலாக இறங்கிக் கிழக்கே கண்மாய்க்குப் போனது. ஐப்பசி கார்த்திகையில் இரு கரையும் தொட்டு ஓடும். சித்திரையில் வெறும் மணல். ஒன்பது குழிகளில் எட்டுக்கு இடம் எளிதாகக் கிடைத்துவிட்டது. ஆறாவது மட்டும் இந்த ஓடையோடு மல்லுக்கட்டியது.

அமீது பாய்க்கு அதில் குழப்பமே இல்லை. வியாபார விஷயமாக வெளிநாடு போகும் இடங்களில் ஆடிப் பழகியவர். எங்கோ ஒரு மைதானத்தில் கிரீனுக்கு முன்னால் பெரிய ஏரியும் நடுவில் நீரூற்றும் பார்த்திருக்கிறார். ஓடையை மறித்து அதே மாதிரி ஓர் ஏரி வேண்டும் என்றார்.

"பாக்கறவன் வாயைப் பொளந்துட்டு நிக்கணும்மா. படம் புடிச்சு நாலு பேருக்கு அனுப்பணும். அனுமதி எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். எங்களால் முடியாவிட்டால் முடிகிறவர்களைப் பார்த்துக்கொள்வதாகவும் மரியாதை குறையாமல் சொன்னார்.

நிலத்தில் அளவுக் குச்சி அடித்துக்கொண்டிருந்தபோது, ஏரிப் பேச்சைக் கேள்விப்பட்டு ஓடையின் கீழ்ப்பக்கத்திலிருந்து விவசாயிகள் சிலர் வந்தார்கள். சுப்பையா என்பவர்தான் பேசினார். சத்தம் போடவில்லை. ஓடைத்தண்ணீர் தங்கள் கண்மாய்க்கு வந்தால்தான் நடவு என்பதைச் சொன்னார். நான் வெறும் வரைபடம் போடுகிறவள், முடிவு எடுப்பது நிலத்துக்காரர் என்றேன்.

"வரையிறது நீங்கதானம்மா" என்றார் அவர். "கோட்டை நீங்க எங்க போடுதீகளோ, அங்கதான நாளைக்கு மண்ணு வெட்டுவாக."

அன்று மாலை சாருக்குப் போன் செய்தேன். ஏரியைப் பற்றியும் கண்மாயைப் பற்றியும் விவரமாகச் சொன்னேன். படுக்கையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏரி அழகா இருக்குமா?"

"இருக்கும் சார்."

"எத்தனை தடவை?"

நீ நடந்து பார்த்த நிலம், நீயே முடிவு செய் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் சார். அப்போது கோபமாகத்தான் வந்தது. இரண்டு வார்த்தை அவர் பாயிடம் பேசியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மறுநாள் கிரீன் வரப்போகும் இடத்திலிருந்து பின்னோக்கி நடந்தேன். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ நடந்தபோதுதான் ஓடை எனக்குக் கண்ணில் பட்டது. அதுவரை தடையாகப் பார்த்ததை அப்போதுதான் கோடாகப் பார்த்தேன்.

கிழக்கே ஒரு பாறை மேட்டில் டீ. அங்கே நின்று மலையைப் பார்த்தால், ஓடை வலது கைப்பக்கம் நம் காலடிக்கு அருகில் இருக்கிறது. இடப்பக்கம் போகப் போக எட்டிப் போகிறது. கிரீனை இடப்பக்கம், அக்கரையின் விளிம்பிலேயே வைத்துவிட்டால்? வலப்பக்கம் அடிக்கிறவர் சின்னத் தாண்டலில் அக்கரை சேர்ந்துவிடுவார். ஆனால் கிரீன் தூரமாகிவிடும். அங்கிருந்து அடிக்கும்போது கிரீனுக்குப் பின்னால் ஓடை வாயைத் திறந்துகொண்டு நிற்கும். இடப்பக்கம் துணிகிறவர் நீளமாகத் தாண்ட வேண்டும். தாண்டிவிட்டால் அடுத்த அடி கைக்கு அடக்கமான தூரம், கிரீன் முழு நீளத்துக்கும் அவருக்குத் திறந்து கிடக்கும். நடுவில் எத்தனை விதமான துணிச்சல் உண்டோ அத்தனைக்கும் இடம் இருந்தது. ஓடையை ஒரு முழம்கூட நகர்த்த வேண்டியதில்லை.

இதைக் காகிதத்தில் வரைந்து காட்டினால் பாய்க்கு ஏரிதான் அழகாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒரு பிற்பகல் அவரைத் தடிகளோடு வரச் சொன்னேன். நண்பர் ஒருவரையும், மனைவி ஜமீலாவையும் கூட்டி வந்தார். ஜமீலா அக்கா அப்போதுதான் ஆடக் கற்றுக்கொண்டிருந்தார். தூரம் போகாது, ஆனால் பந்து நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும்.

பாய் கேட்ட ஏரியைச் சுண்ணாம்புத் தூளால் நிலத்தில் அப்படியே போட்டு வைத்திருந்தேன். மூங்கிலில் சிவப்புத் துணி கட்டிக் கிரீன் இருக்கும் இடத்தில் நட்டிருந்தேன். வெள்ளைக் கோட்டுக்குள் விழுந்தால் பந்து தண்ணீரில் போனதாகக் கணக்கு, அந்த அடி வீண். ஆறாவது டீயில் வந்து நில்லுங்கள் என்று நான் சொன்னதைக் கேட்டு, எங்கள் வேலையாள் ஒருவர் டீ எங்கே கிடைக்கும் என்று சுற்றிப் பார்த்தார். அதில் எல்லோரும் சிரித்தது எனக்கு உதவியாக இருந்தது.

நண்பர் பலசாலி. ஏரியைத் தாண்டி அடித்தார். பாய் ஒருமுறை தாண்டினார், மற்றவையெல்லாம் வெள்ளைக் கோட்டுக்குள் விழுந்தன. அடுத்து ஜமீலா அக்கா தடியோடு வந்து நின்றார். இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கோதை, நான் எங்கிட்டு அடிக்க?"

நான் பாயைப் பார்த்தேன். அவர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். அந்தக் குழியில் தன் மனைவிக்கு ஒரு வழியும் இல்லை என்பதை அவர் அப்போதுதான் பார்த்தார்.

இப்போது சுண்ணாம்பை மறந்துவிட்டு ஓடை இருக்கிறபடியே ஆடிப் பாருங்கள் என்றேன். ஜமீலா அக்கா யோசிக்கவே இல்லை. வலப்பக்கம் ஒரு சின்ன அடி, ஓடையைத் தாண்டி விழுந்தது. நடந்து போய் இன்னொன்று, இன்னொன்று என்று அடித்துச் சிவப்புத் துணியின் அருகே கொண்டுபோய்விட்டார். பாய் மனைவியைவிடக் குறுக்கு வழியில் போக நினைத்து இடப்பக்கம் அடித்தார். ஓடை. இன்னொரு பந்து கேட்டார். சற்று வலப்பக்கமாக அடித்தார், தாண்டியது, ஆனால் அங்கிருந்து அடித்த அடுத்த பந்து துணியைத் தாண்டி ஓடையின் மேல்பகுதியில் உருண்டு விழுந்தது. இன்னொரு பந்து. நண்பர் ஒரு யோசனை சொன்னார், பாய் மறுத்தார். இருவரும் பாறை மேட்டில் நின்று காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பந்துகள் தீர்ந்து, வேலையாட்கள் ஓடை மணலில் இறங்கிப் பொறுக்கிக் கொண்டுவர, மறுபடி முதலிலிருந்து.

சூரியன் மலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. மக்ரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று ஜமீலா அக்கா வந்து தடியைக் கையிலிருந்து வாங்கினார். வண்டியை நோக்கி நடந்த பாய் பாதியில் நின்றார்.

"நாளைக்குக் காலையில எத்தன மணிக்கு வாரீக?"

எப்போது வேண்டுமானாலும் வருகிறேன், ஏரியைப் பற்றித்தானே பேச வேண்டும் என்று கேட்டேன்.

"எந்த ஏரி?" என்றார் அமீது பாய்.

மைதானம் எழும்பிய மாதங்களை நான் எப்போது நினைத்தாலும் உடம்பில் ஒரு தெம்பு வருகிறது. ஆறாவது கிரீனை என் கைப்படக் கட்டினேன் என்றே சொல்வேன். மீன் முள் மாதிரி குழாய் பதித்து, அதன்மேல் ஜல்லி பரப்பி, அதன்மேல் சலித்த மணல். புல் நடும் முன் லாரித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அது எந்த வழியாக எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்ப்போம். எங்காவது தேங்கினால் மறுபடி கொத்தியெடுப்போம். சரிவு சரியாக வர நாள்கணக்கில் பந்தை உருட்டி உருட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் துணிந்து வந்தவரின் பந்தைக் கிரீன் ஏந்திக்கொள்ள வேண்டும். வலப்பக்கத்திலிருந்து வருவதை லேசாகப் பின்னால் தள்ள வேண்டும். லேசாகத்தான். பயந்தவனைத் தண்டிக்கக் கூடாது, கொஞ்சம் யோசிக்க வைத்தால் போதும். மணற்குழி ஒன்றே ஒன்று வைத்தேன், இடப்பக்கம் துணிகிறவர்கள் பந்தை நிறுத்த ஆசைப்படும் இடத்துக்குப் பக்கத்தில்.

ஓடைக்கரை ஓரத்தில் புல்தரை மேடாகி இறங்கும் ஒரு வளைவு இருந்தது. என் மனசுக்கு ரொம்பப் பிடித்தது அது. பார்க்கிறவர்கள் எல்லாம் அதைத்தான் புகழ்ந்தார்கள்.

அந்த ஐப்பசியில் மலையில் பெய்த மழை சாதாரண மழையல்ல. ஓடை இரு கரையும் வழிந்து இரண்டு நாள் ஓடியது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். கிரீன் பிழைத்திருந்தது. என் வளைவைக் காணவில்லை. ஒரு பெரிய வாய் கடித்து எடுத்த மாதிரி கரை உள்ளே வந்திருந்தது. சேற்றில் நின்று அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போது சுப்பையா கரையோரமாக வந்தார்.

"கண்மா நெறஞ்சு, மிச்சத் தண்ணி மறுகா பாயுதும்மா" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செத்த நேரம் கூடவே நின்றார். அங்கே ஓர் அணை இருந்திருந்தால் அந்த வெள்ளத்தில் அது என்னவாகியிருக்கும், கீழே இருந்தவர்கள் என்னவாகியிருப்பார்கள் என்று இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

சார் கம்பு ஊன்றிக்கொண்டு காரில் வந்து இறங்கினார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் பார்க்கும் முதல் மைதானம். உடைந்த கரையை வெகுநேரம் பார்த்தார்.

"இதை யார் செஞ்சது?"

"ஓடை சார்."

"நல்லா செஞ்சிருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் என்னைப் பாறை மேட்டுக்குக் கூட்டிப்போய் நிற்க வைத்தார். அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. துணிந்தவர் பந்து விழும் இடத்தில் பாதை குறுகியிருந்தது. முன்பு இடப்பக்கம் எங்கே விழுந்தாலும் சரி என்று இருந்தது. இப்போது கடிபட்ட இடத்துக்கு முன்னால் நிறுத்துவதா, அதையும் தாண்டி அடிப்பதா என்று இன்னொரு கேள்வி முளைத்திருந்தது. என் வளைவு அழகாக இருந்தது, ஆனால் அது யாரையும் எதுவும் கேட்கவில்லை. மேற்கொண்டு மண் அரிக்காமல் இருக்க அடியில் கல் மட்டும் அடுக்கினோம். மற்றபடி ஓடை விட்டுப்போனதை அப்படியே வைத்துக்கொண்டோம்.

இன்றைக்கும் அந்தக் குழி ஒரு மாதம் இருந்தபடி மறு மாதம் இருப்பதில்லை. தையில் தண்ணீர் இருக்கும், காற்று இருக்காது, எல்லோருக்கும் இடப்பக்கம் ஆசை வரும். சித்திரையில் ஓடை காய்ந்திருக்கும், விழுந்தால் மணலில் இறங்கி அடித்துவிடலாம், ஆகவே கோழைகூட வீரனாவான். ஆடியில் மலைக் கணவாயிலிருந்து காற்று முகத்தில் அறையும், வீரர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு வலப்பக்கம் போவார்கள். இதில் எதையும் நான் உண்டாக்கவில்லை. இருந்ததைக் கெடுக்காமல் விட்டேன். அப்படி விடுவதற்கு எத்தனை நாள் நடக்க வேண்டியிருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். அதனால்தான் அதை என் வேலை என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

மைதானம் திறந்த அன்று அமீது பாய் முதல் ஆட்டத்தை மனைவியோடு ஆடினார். ஊரே வேடிக்கை பார்த்தது. பக்கத்து ஊரான செட்டியார்பட்டியிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். ஐந்து குழி வரை பாய்தான் முன்னால். ஆறாவதில் இத்தனை பேர் பார்க்கும்போது வலப்பக்கம் போக அவருக்கு மனசு வரவில்லை. இரண்டு பந்து ஓடைக்குள் போனது. ஜமீலா அக்கா தன் வழியில் சின்னச் சின்னதாக அடித்து, குழியில் பந்தைத் தள்ளிவிட்டு, அடுத்த டீக்கு நடந்தே போய்விட்டார். பாய் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கோபித்துக்கொள்வாரோ என்று நினைத்தேன்.

"வீட்ல இனிமே இதையேதான் சொல்லிக் காட்டுவா" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அவர்களுக்குப் பின்னால் நஞ்சப்பா சார் ஆடி வந்தார். கால் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை, பையை நான் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தேன். அவர் என்னை ஒருநாளும் வாய்விட்டுப் பாராட்டியவர் இல்லை. அன்றும் ஐந்து குழி வரைக்கும் புல்லைப் பற்றி இரண்டு குறை சொன்னார், அவ்வளவுதான்.

ஆறாவதில் பாறை மேட்டில் ஏறி நின்று வெகுநேரம் பார்த்தார். இடப்பக்கம் அடித்தார். அழகான அடி. கடிபட்ட கரையில் பட்டு ஓடைக்குள் உருண்டது. இன்னொரு பந்தை அடித்து, கிரீன் வரை போய் முடித்தார். நான் குழியிலிருந்து எடுத்த அடையாளக் கொடியைத் திரும்ப நட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏழாவது டீயை நோக்கி நடந்தேன். முன்னால் போயிருந்த பாயும் ஜமீலா அக்காவும் எங்களுக்காகக் காத்து நின்றார்கள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். சார் ஏழாவதை நோக்கி வரவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு, நொண்டி நொண்டி, வந்த வழியே ஆறாவது டீக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் தொழிலில் திறப்பு நாளில் யாரும் அப்படிச் செய்வதில்லை. பின்னால் ஆடி வந்தவர்களைக் கைகாட்டி நிறுத்திவிட்டுப் பாறை மேட்டில் ஏறினார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். என் முகத்தைப் பார்க்காமலே பந்துக்குக் கையை நீட்டினார்.

இந்த முறை வலப்பக்கம் அடித்தார். அக்கரையில் நல்ல இடத்தில் விழுந்தது. அங்கிருந்து அடித்த அடுத்த பந்து கிரீனில் குதித்து, சரிவில் மெல்ல உருண்டு, பின்பக்கத்து ஓடைக்குள் போனது. சார் கம்பை ஊன்றி நின்று, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்ததும் மறுபடி டீயை நோக்கித் திரும்பினார்.

ஏழாவது டீயிலிருந்து அமீது பாய் கையை அசைத்து, என்னாச்சு என்று கேட்டார்.

"நீங்க முன்னால போங்க பாய்" என்று நான் உரக்கச் சொன்னேன். "எங்களுக்கு இங்க கொஞ்ச நேரமாகும்."